புலம்பெயர்ந்தோருக்கு நம் மாவட்டத்தில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவீடன் நாட்டின் தென்பகுதியில், ஸ்மோலாந்து வட்டாரத்திலுள்ள வெக்‌ஷோ நகரில் ‘புலம்பெயர்ந்தோர் இல்லம்’ என்றோர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1850-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டை விட்டு, பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஏறத்தாழ 13 லட்சம் பேரின் வரலாற்றைச் சொல்வதற்கென்றே அமைந்த இடம் அது. 1900ஆம் ஆண்டில் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 51 லட்சம்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், எத்தனை வீடுகளில் ஆள் குறைந்திருக்கும் என்பது விளங்கும். தர்மபுரி தனி மாவட்டமான அதே 1965ஆம் ஆண்டில் இதற்கான ஆய்வு நிறுவனம் அங்கே தொடங்கப்பட்டது. 1968இல் கட்டடம் திறக்கப்பட்டது. அத்தகைய ஒன்று தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அமைய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

ஸ்மோலாந்து கல் நிறைந்த பூமி. உழுவதற்கு முன் கல் பொறுக்கியாக வேண்டும். அப்படிப் பொறுக்கி வயலோரம் அடுக்கிய கற்சுவர்கள் இன்றும் அங்கே நீண்டு கிடக்கின்றன. பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் மேட்டுக்காட்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மக்கள் பெருகி, பாகம் பிரிக்கப் பிரிக்க நிலம் சுருங்கி, 1867 முதல் 1869 வரை விளைச்சலும் பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, 160 ஏக்கர் நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவே தருவதாகச் சொன்ன அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை இழுத்தது. கோத்தன்பர்க்கில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த நிலம் அங்குள்ள பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

அந்நாட்டில் இவ்வரலாறு இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதற்குக் காரணம் பதிவேடுகள். ஒவ்வொரு ஊரின் பாதிரியாரும் வீடு வீடாக மக்களின் மறைக்கல்வியைச் சோதித்து, அந்த வீட்டில் பிறந்தவர் யார், இறந்தவர் யார், எந்த ஆண்டில் எங்கே குடிபெயர்ந்தார் என்று பேரேட்டில் எழுதிவைத்தார். இன்று அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த கொள்ளுப்பேரன், தன் முன்னோர் புறப்பட்ட பண்ணை வரை தடம்பிடித்துப் போய்ச்சேர முடிகிறது. அதைவிட என்னை வியக்க வைத்தது வேறொரு செய்தி. ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதைக் கண்டு கவலைகொண்ட சுவீடன் அரசு, 1907இல் ஒரு விசாரணையைத் தொடங்கி, போனவர்களிடமே ‘ஏன் போனீர்கள்?’ என்று கேட்டது. அவர்கள் சொன்ன பதில்களை அச்சிட்டும் வெளியிட்டது. அரசின் மேல் அவர்களுக்கு இருந்த மனக்குறைகளை அரசே தன் செலவில் அச்சிட்டது பெரிய மனது என்றே கருதுகிறேன்.

நம்முடைய கதை இதைவிடக் கடுமையானது. 1876–78 பெரும் பஞ்சத்தில் நம் பகுதி அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பஞ்சமும் அதன் பின்வந்த வறட்சிகளும் மக்களை இலங்கைக்கும் மலேயாவுக்கும் துரத்தின. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டுள்ளன. சுவீடன்காரர்களுக்கு நிலம் காத்திருந்தது. நம்மவர்களுக்குக் கரும்புத் தோட்டமும் ஒப்பந்தமும் காத்திருந்தன. பிற்பாடு, கூப்பிடு தூரத்திலிருந்த கோலார் தங்கவயல் ஆட்களை இழுத்துக்கொண்டது. 2001இல் அது மூடப்படும் வரை மண்ணுக்கடியில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று பெங்களூருவின் கட்டட வேலையும் செங்கல் சூளைகளும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளும் அந்த இடத்தைப் பிடித்துள்ளன.

இவ்வரலாற்றுக்கான சான்றுகள் நம் வீடுகளில்தான் கிடக்கின்றன. காரிமங்கலத்துக்கு அருகே ஒரு வீட்டின் விட்டத்தில், வளைத்த கம்பியில் குத்தி மாட்டிய கடிதக் கட்டு ஒன்றை அண்மையில் பார்த்தேன். தங்கவயலைச் சேர்ந்த மாரிகுப்பத்திலிருந்து வந்த உள்நாட்டுக் கடிதங்களும், பணம் வந்தபோது கிழித்துக் கொடுத்த மணியார்டர் துண்டுகளும் அதில் இருந்தன. ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய அவா’ என்று தொடங்கும் கடிதம், நான்காம் வரியிலேயே கிணற்றுக் கடன் அடைந்ததா, தங்கைக்கு வரன் அமைந்ததா என்று விசாரிக்கிறது. கம்பி துருவேறிய இடத்தில் தாள் பொடிந்து, சில எழுத்துகள் ஏற்கெனவே போய்விட்டன. ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டும்போது இத்தகைய கட்டுகள்தாம் முதலில் குப்பைக்குப் போகின்றன.

வெக்‌ஷோவைப் போலப் பெரிய கட்டடம் உடனடியாகத் தேவையில்லை. வீரர்களின் நடுகற்களைப் போற்றிக் காத்துவரும் தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் ஏதேனும் ஒன்றில், பிழைக்கப் போனவர்களுக்கெனத் தனிக் கூடம் ஒன்றை ஒதுக்கினால் போதும். நட்டால் கப்பல் பட்டியல்களிலிருந்து சேலம் மாவட்டத்தார் பெயர்களைப் பிரித்தெடுத்து, வட்டம் வாரியாக அங்கே வைக்கலாம். தங்கவயலில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்களில் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு அவர்களின் வாய்மொழியைக் காலம் தாழ்த்தாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். சூளைக்கும் கட்டட வேலைக்கும் இன்று போகிறவர்களிடமும், சுவீடன் அரசு கேட்டதைப் போலவே, ஏன் போகிறீர்கள் என்று கேட்டு அப்பதிலையும் அந்தக் கூடத்தில் சேர்க்க வேண்டும்.

கடிதத்தையோ புகைப்படத்தையோ கொடுத்தால் திரும்பி வருமோ என்ற தயக்கம் மக்களுக்கு இருக்கிறது, அது நியாயமானதே. ஆகவே மாவட்ட ஆட்சியர்கள், வட்டாட்சியர் அலுவலகம்தோறும் ஒரு நாளை அறிவித்து, கொண்டுவரும் தாள்களை உரியவர் கண்முன்பே படியெடுத்து, மூலத்தை அப்போதே கையில் திருப்பித் தர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாப்பிரெட்டிப்பட்டி, தர்மபுரி மாவட்டம்.