கியர் இல்லாத சைக்கிளும் சைக்கிள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், முதல்முறை சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். குறைந்தது 21 கியர் வேண்டும், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வேண்டும், இருபத்தைந்தாயிரத்துக்குக் கீழே போனால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்கிற மாதிரி இருந்தது. என் மகள் அதைப் படித்துவிட்டு, பேப்பரை நாலாக மடித்து என் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் அவளுக்குக் கியரே இல்லாத பழைய சைக்கிள் ஒன்றை, எல்லாச் செலவும் சேர்த்து 3,940 ரூபாயில் தேற்றிக் கொடுத்திருந்தேன். அந்த மடித்த பேப்பருக்குப் பதில்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் மன்னிக்கவும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் 22 வருடமாக இருக்கிறேன். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பித்த ஊர் இது, இங்கே சைக்கிளைப் பற்றிப் பேச யாருக்கும் தயக்கம் கிடையாது, ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். என் கருத்து இதுதான்: பத்தாயிரத்துக்குள் சைக்கிள் வாங்குகிறவர், தினமும் நாலைந்து கிலோமீட்டர் சமதரையில் போகிறவர், கியர் பக்கமே திரும்ப வேண்டாம். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் ஏற்றம் என்று எதைச் சொல்வீர்கள்? பாடி மேம்பாலம், அப்புறம் ஏதாவது ரயில்வே சுரங்கப்பாதை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளினாலும் மானம் ஒன்றும் போய்விடாது.

கியர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சைக்கிளுக்குக் கம்பெனி ஒதுக்குகிற காசு ஒரே காசுதான். அந்தக் காசில் முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, செயினைத் தள்ளுகிற கருவி இரண்டு, கைப்பிடியில் லிவர் இரண்டு, கேபிள் என்று எல்லாம் வர வேண்டுமென்றால், சக்கரத்திலும் பிரேக்கிலும் பால்ரஸ் என்கிற பேரிங்கிலும்தான் கை வைப்பார்கள், வேறு எங்கே வைப்பார்கள். விலை குறைந்த கியர் சைக்கிளில் பின் ஆக்சில் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதில் மரை போட்ட பழைய மாடல் ஹப்தான் (சக்கரத்தின் நடு உருளை) இருக்கும். வலது பக்கம் ஏழு பல்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கத்துப் பால்ரஸ் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும், ஃப்ரேமுக்கும் அதற்கும் நடுவில் ஆக்சில் தாங்கலே இல்லாமல் நீளமாக நிற்கும். கேரியரில் ஆளை வைத்து ஒரு பள்ளத்தில் இறக்கினால் வளையாமல் என்ன செய்யும்? அதோடு அந்தச் சக்கரத்தில் இரண்டு பக்கமும் போக்ஸ் கம்பி ஒரே சாய்வில் நிற்காது, ஒரு பக்கம் விறைப்பாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் இருக்கும், சக்கரம் சீக்கிரம் கோணலாகும், கோட்டம் என்பது அதைத்தான். ஒற்றைப் பல்சக்கரம் போட்ட சக்கரத்தில் இந்தத் தொல்லைகள் எல்லாம் மிகவும் குறைவு.

சரி, ஒரே கியர் என்றால் அது எந்தக் கியர் என்று பார்க்க வேண்டாமா? கடைக்குப் போகிறவர்கள் கலரைப் பார்ப்பார்கள், மணி அடித்துப் பார்ப்பார்கள், பல்லை யாரும் எண்ண மாட்டார்கள். எண்ணுங்கள். மகளுடைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. பின் சக்கரம் ஒரு சுற்றுக்கு எவ்வளவு உருளுகிறது என்று வாசலில் சாக்பீஸ் கோடு போட்டு டேப் வைத்து அளந்தேன், 2 மீட்டர் 8 சென்டிமீட்டர் வந்தது. 44-ஐ 18-ஆல் வகுத்து அதோடு பெருக்கினால், பெடல் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். ஓட்டிப் பழகினவருக்கு இது சரி. என் மகள் பள்ளிக்கூடம் முடித்தபின் சைக்கிளைத் தொட்டதே இல்லை, சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் முழங்கால் வலிக்கிறது என்றாள். பின்னால் இருந்த 18-ஐக் கழற்றிவிட்டு 20 பல் ஃப்ரீவீல், அதாவது பின் பல்சக்கரம், போட்டோம், 180 ரூபாய். இப்போது சுற்றுக்கு 4.6 மீட்டர், வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் குறைந்தது, வலியும் போயிற்று. இந்த இரண்டு பல் வித்தியாசத்தை எந்தக் கடைக்காரரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். ஒன்று மட்டும், பெரிய ஃப்ரீவீல் போட்டால் செயின் கொஞ்சம் நீளமாக வேண்டியிருக்கும், புதுச் செயின் மாற்றுகிற அன்றைக்கே இதையும் முடித்துக்கொண்டால் ஒரே வேலையாகப் போய்விடும்.

இனி, என்னைக் கடிதம் எழுத வைத்த இன்னொரு விஷயம். அந்தக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள், காசு குறைவாக இருக்கும் இளைஞர்கள் 'ஃபிக்ஸி' முயற்சி செய்யலாம், ஸ்டைலாக இருக்கும் என்று இரண்டே வரி போட்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் எனக்குக் கோபம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் சாதா சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் கால் நிற்கும், வண்டி உருண்டு போகும், கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். அதற்குக் காரணம் ஃப்ரீவீல். ஃபிக்ஸி என்கிற ஃபிக்ஸட் கியரில் அது கிடையாது. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், உங்கள் கால் நின்றால் பெடல் காலைத் தூக்கி அடிக்கும். பந்தயத் தடத்தில் ஓட்டுவது இதைத்தான், ஜப்பானில் 1948-இலிருந்து நடக்கிற கெய்ரின் பந்தயமும் இதில்தான், அதில் பிரேக்கே கிடையாது. நியூயார்க்கில் கூரியர் பை சுமக்கிற பையன்கள் ஓட்டி ஓட்டி இது ஒரு ஃபேஷனாக ஆயிற்று. ஓட்டத் தெரிந்தவனுக்கு நல்ல வண்டிதான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் நம் ஊரில் நாம் சைக்கிள் ஏறுவது எப்படி? இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தட்டித் தட்டி உருட்டி, வேகம் வந்ததும் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவோம். ஃபிக்ஸட் கியரில் இது நடக்காது, மிதித்து நிற்கிற பெடல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி ஆளைக் கவிழ்க்கும். வேட்டி நுனியோ துப்பட்டாவோ செயினில் சிக்கினால், சாதா சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலே செயின் நின்றுவிடும், பெடலைப் பின்னால் சுற்றித் துணியை உருவி எடுத்துவிடலாம். அந்த வண்டியில் செயின் நிற்காது, துணியை உள்ளே இழுத்துக்கொண்டே போகும்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். வெளிநாட்டு வண்டிக்குக் காசு இல்லை என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, தன் பழைய சைக்கிளின் ஃப்ரீவீலை ஒரு வெல்டிங் கடையில் கொடுத்து நாலு இடத்தில் பொட்டு வைத்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, இருநூறு ரூபாயில் ஃபிக்ஸி" என்று என்னிடம் காட்டினான். பின் பிரேக்கையும் கழற்றியிருந்தான், பார்க்க நன்றாக இருக்குமாம்.

லேத்தில் நிற்கிறவனுக்கு இதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஃப்ரீவீல் ஹப்பில் ஏறுவது வலது மரையில். முன்பக்கம் மிதிக்க மிதிக்க அது இறுகும், அதனால்தான் பழைய ஃப்ரீவீலைக் கழற்ற எங்கள் சைக்கிள் கடை பாய் ஒரு நீளப் பைப்பை மாட்டித் தொங்குகிறார். பின்னோக்கி அழுத்தினால் அதே மரை கழலும். சாதா சைக்கிளில் பின்னோக்கி அழுத்தமே போகாது, அதனால் கவலை இல்லை. ஃபிக்ஸட் கியரில் வேகத்தைக் குறைப்பதே பின்னோக்கி அழுத்தித்தான்! அதற்கென்று செய்த ஹப்பில் பல்சக்கரத்துக்கு வெளியே இடது மரையில் ஒரு பூட்டு வளையம் வரும், பல்சக்கரம் கழலப் பார்த்தால் வளையம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நம் சாதா ஹப்பில் அந்த இரண்டாவது மரையே வெட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் பல்சக்கரம் ஏறுகிற மரை இரண்டிலும் ஒன்றுதான், அதனால் ஏறிவிடும், பொருந்திவிட்டது என்று நினைக்கத் தோன்றும். வில்லங்கமே அதுதான். அவன் மேம்பாலத்தில் இறங்கும்போது காலை அழுத்த, மரை கழண்டு, பெடல் வெறுமனே சுற்ற, முன் பிரேக் ஒன்றை நம்பி எப்படியோ நின்றிருக்கிறான். முழங்கை மட்டும்தான் தேய்ந்தது. மரை கழண்டது சைக்கிளுக்கா உனக்கா என்று அக்கா கேட்டாள். அந்த ஒட்டுப் போட்ட ஃப்ரீவீல் இப்போது என் பட்டறை மேசையில் பில் பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஃபிக்ஸட் கியர்தான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் பூட்டு வளையம் உள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள், அதையும் முன் பிரேக் இல்லாமல் ரோட்டில் இறக்காதீர்கள். ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறு பக்கம் ஃப்ரீவீல் என்று இரண்டு பக்கமும் மரை வெட்டின ஹப்பும் உண்டு, சக்கரத்தைத் திருப்பி மாட்டினால் போதும். அதற்குக் காசு இல்லையென்றால் ஃப்ரீவீலோடு ஒற்றைக் கியர் ஓட்டுங்கள், தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பழைய சைக்கிள் பார்க்கப் போகிறவர்கள் ஒரு அடி ஸ்கேலைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். செயினில் ஒரு முள்ளின் நடுவிலிருந்து எண்ணி 24 கண்ணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரைக்கால் (1/8) அங்குலம் கூடியிருந்தால் செயின் மட்டும் போகவில்லை, பல்லையும் தின்றுவிட்டது, விலையில் குறைத்துக் கேளுங்கள். இரண்டு பெடல் கட்டையையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடக் என்றால் உள்ளே பால்ரஸ் உட்காருகிற கப்போ, பெடல் கட்டையை இறுக்குகிற காட்டர் பின்னோ தேய்ந்திருக்கிறது. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம்மைப் பார்க்காமல் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற சந்தைப் பாருங்கள், கோட்டம் அங்கேதான் தெரியும். கோட்டம் எடுத்துவிடலாம், அது பெரிய செலவில்லை. ஃபோர்க் வளைந்திருந்தால், ஹேண்டில் பக்கம் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் வெடித்திருந்தால், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். உயரமும் முக்கியம். பார் வைத்த சைக்கிள் என்றால் அதன் மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று பாருங்கள், ஓரிரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். தள்ளுபடி கிடைக்கிறது என்று ஐந்தடி ஆள் 24 அங்குல ஃப்ரேமை வாங்கினால் ஒவ்வொரு சிக்னலிலும் குதிக்க வேண்டியதுதான்.

மழைக்கு ஒன்று சொல்ல வேண்டும். பளபளவென்று குரோம் பூசின இரும்பு ரிம், ஐப்பசி மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. அலாய் ரிம் கிடைத்தால் ஐந்நூறு அதிகமானாலும் அதையே எடுங்கள். மகள் சைக்கிளில் பழைய இரும்பு ரிம்தான், அதனால் மழை நாளில் பஸ்ஸில் போ என்று சொல்லியிருக்கிறேன்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: சைக்கிள் 2,200, டயர் டியூப் இரண்டு ஜோடி 780, செயின் 160, ஃப்ரீவீல் 180, பிரேக் கட்டை 120, பாய் பிரித்துப் போட்டு ஓவராயில் செய்ய 500. புதிதாகவே வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் விசாரித்தவரை சாதா சைக்கிள் ஆறாயிரம், ஏழாயிரம் என்றார்கள். 2025 செப்டம்பர் 22-இலிருந்து சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, பில் வாங்கி அந்த வரியைப் பாருங்கள். புதுச் சைக்கிளுக்கும் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கோட்டம் எடுக்க வேண்டும், போக்ஸ் கம்பி அதற்குள் தளர்ந்து உட்கார்ந்திருக்கும். அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை 2020-இல் மூடினபோது பலர் வருத்தப்பட்டார்கள், ஆனால் அந்த வண்டிகளுக்கு இன்றைக்கும் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் செயினும் டயரும் கிடைக்கிறது. கியர் சைக்கிளின் பின் கருவி ஒன்று உடைந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் சாமானுக்காக மூன்று வாரம் காத்திருந்தான்.

ஆரம்பத்தில் புதிதே வாங்கலாம் என்று மகளோடு ஒரு பெரிய ஷோரூமுக்கும் போனேன். கியர் இல்லாதது காட்டுங்கள் என்றதும் அந்தப் பையன், "அது பால்காரங்க ஓட்டுறது சார்" என்றான். பால்காரர் காலையில் நாற்பது லிட்டரைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார், அதைவிட என்ன சர்ட்டிஃபிகேட் வேண்டும் என்று நான் கேட்டேன். மகள் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் அம்பத்தூர் பக்கம் வந்தால் இந்த சைக்கிளை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். மாலை ஆறரைக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வண்டி வீட்டில் இருக்காது.

இப்படிக்கு,
லேத் பட்டறை வாசகர்,
அம்பத்தூர், சென்னை – 53.