திரும்பி வந்த மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

போன வாரம் நீ போனில் சொன்ன ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. "ஊழியத்துக்கு தேவனுடைய அழைப்பே எனக்கு இருந்ததில்லை போலம்மா. நானாகத்தான் கற்பனை செய்துகொண்டேன்" என்றாய். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயில் வராததை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ ஊழியத்துக்குப் புறப்பட்ட ஞாயிறு, ஆயர் உன் தலையில் கைவைத்து ஜெபித்தபோது, சபை முழுவதும் என்னையும் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கர்த்தருக்கு நன்றி சொன்னது உண்மை. ஆனால் அந்த நன்றியில் பாதி பெருமை. இரண்டாம் வருடம் நீ தூக்கம் கெட்டு, கை நடுங்க, பாதி உடம்பாய் வந்து வாசலில் நின்றாய். கேட்டவர்களிடமெல்லாம் "லீவில் வந்திருக்கிறான்" என்றேன். மூன்று மாதம் அதையே சொன்னேன். பக்கத்து அறையில் படுத்திருந்த உனக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்? வியாதியைவிட அந்தப் பொய்தான் உன்னை அதிகம் வருத்தியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடு.

அதிலிருந்து எனக்கு வேதத்தில் வருகிற மாற்குவின் ஞாபகம்தான். அப்போஸ்தலர்களான பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்பினவன். சீப்புரு தீவைக் கடந்து பெர்கே வரைக்கும் போனான். அங்கிருந்து எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் திரும்பினான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. பயந்துவிட்டான், கஷ்டம் தாங்கவில்லை என்று காரணமெல்லாம் நம் பிரசங்கங்களில்தான் வருகிறது. வேதமே சொல்லாமல் விட்டதை நாம் எதற்காகக் கிளற வேண்டும்?

எருசலேமில் அவன் அம்மா மரியாளின் வீடு இருந்தது. பேதுரு சிறையில் இருந்தபோது அநேகர் கூடி ஜெபித்தது அந்த வீட்டில்தான். ஊரிலுள்ள விசுவாசிகள் எல்லாம் வந்துபோகிற வீடு. அந்த வாசலில் மகன் மூட்டையோடு வந்து நின்றபோது அவள் என்ன சொல்லியிருப்பாள்? ஜெபத்துக்கு வந்தவர்கள் "மாற்கு ஏன் வந்துவிட்டான்?" என்று கேட்டால் என்ன பதில் வைத்திருந்தாள்? வேதத்தில் இது எதுவும் இல்லை, ஒரு அம்மாவாக நானே யோசித்துப் பார்க்கிறேன். அவள் என்னைவிட நல்லபடியாக நடந்துகொண்டிருப்பாள் என்று நம்புகிறேன்.

அடுத்த பயணத்துக்கு மாற்குவைக் கூட்டிப்போகலாம் என்றார் பர்னபா, கூடாது என்றார் பவுல். இருவருக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தே போனார்கள். பவுல் அத்தனை பெரிய அப்போஸ்தலர், ஆனாலும் இந்த விஷயத்தில் என் மனம் பர்னபா பக்கம்தான். திரும்பி வந்தவனைக் கப்பலேற்றி மறுபடியும் அதே சீப்புருவுக்குக் கூட்டிப்போன மனுஷன் அவர்.

அப்புறம் பல வருடங்கள் போய்விட்டன. சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருக்கிற பவுல், தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார். அதற்கு முன்னால் கேட்பது யாரைத் தெரியுமா? "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்." வேண்டாம் என்றவரே கேட்கிறார். இத்தனை வருடம் இதைப் படித்திருக்கிறேன் தம்பி, நீ வந்த பிறகுதான் இந்த இடத்தில் அழுதேன்.

இதைச் சொல்வதால் நீ திரும்பவும் ஊழியத்துக்குப் போக வேண்டும் என்று மறைமுகமாகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. போனாலும் சரி, இப்போது இருக்கிற வேலையிலேயே இருந்தாலும் சரி. இயேசு பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டதைச் சொல்லும்போது, தம்மோடுகூட இருக்கவும் பிரசங்கிக்க அனுப்பவும் என்று சுவிசேஷத்தில் வருகிறது. கூட இருப்பது முதலில், அனுப்புவது அதற்கடுத்துதான். எந்தச் சுவிசேஷத்தில் என்று பார். மாற்கு 3:14. அதை எழுதினது பெர்கேயிலிருந்து திரும்பிய அதே மாற்குதான் என்று சபைப் பாரம்பரியம் சொல்லி வருகிறது. உன்னை அனுப்பினவர்கள் ஒரு கடிதத்தில் உன்னை விடுவித்துவிட்டார்கள். கூட இருக்கக் கூப்பிட்டவர் அப்படி ஒரு கடிதம் எழுதவில்லை.

மிஷனெரிக் கூட்டங்களில், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரியைப் பற்றிச் சொல்வார்கள். 1793இல் வங்காளம் வந்தார், 1800 டிசம்பரில்தான் முதல் இந்தியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், ஏழு வருடம் பொறுமையாகக் காத்திருந்தார் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் மனைவி டாரதியை யாரும் சொல்வதில்லை. முதலில் வர மறுத்த பெண் அவள். வந்த மறு வருடமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அவள் மனநிலை குலைந்து, 1807இல் சாகிறவரை தேறவேயில்லை. பலன் வந்த கதையை மட்டும் சொல்லி, உடைந்துபோனவர்களை விட்டுவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. உன் மனம் களைத்ததை விசுவாசக் குறைவு என்று ஒருவர் நம் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னார். நான் அப்போது பேசாமல் இருந்தேன். இனி இருக்க மாட்டேன்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும், சாகிறேன் என்றபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஜெபம் வரவில்லை என்றால் படுத்துத் தூங்கு, உனக்கும் சேர்த்து நான் ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு அக்கா, "தம்பி இன்னும் லீவில்தானா?" என்று கேட்டார்கள். "இல்லை அக்கா, அவனுக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்துவிட்டான். இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான்" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். தன் மகளும் அப்படித்தான் திரும்பி வந்தாள் என்றார்கள். இத்தனை வருடம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம், எனக்கு அது தெரியாது.

விடுமுறை கிடைக்கும்போது வா. சபைக்கு வர வேண்டும் என்றில்லை, வீட்டுக்கு வா.

அம்மா