தனி ஆவர்த்தனம்

பர்மிங்காம்,
23 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே அடைமழை என்று அம்மா சொன்னாள். கொல்லைப்பக்க ஓடு இன்னும் ஒழுகுகிறதா? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இரவுப் பணி முடிந்து விடிந்தும் விடியாமலும் வந்து படுக்கிறேன். எழுந்தால் மறுபடி இருட்டு.

ஜூலை 30 அன்று பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள் என்று சொன்னேனே, அது பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் இறுதி ஊர்வலம். இந்த ஊரின் ஆஸ்டனில் வளர்ந்து, கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். முன்னால் பித்தளை வாத்தியக்காரர்கள் அவருடைய குழுவின் பாட்டுகளையே வாசித்துப் போனார்கள். சாவுக்கு மேளம் இங்கேயும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வாரம் தேநீருக்குக் கூப்பிட்டு, ஆஸியின் பழைய இசைத்தட்டைப் போட்டார். 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்', 1980. அதற்கு முந்தைய ஆண்டு, அவர் பாடிவந்த பிளாக் சப்பாத் என்ற ராக் குழு ஆஸியை வெளியேற்றிவிட்டது. இது அவருடைய முதல் தனி ஆல்பம். ஹார்ட் ராக். முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று பார்த்தேன், மரியாதைக்காக உட்கார்ந்திருந்தேன். நடுவில் எல்லாம் அடங்கி, ஒற்றைக் கிட்டார் மட்டும். ராண்டி ரோட்ஸ் என்ற பையன் தன் அம்மாவுக்காக வாசித்தது, ஒரு நிமிடம்கூட இல்லை. 23 வயதில் அந்த விரல்! இரண்டே வருடத்தில் விமான விபத்தில் போய்விட்டான்.

அப்பா, நமக்குக் கச்சேரியில் 'தனி' என்றால் பாடகர் வாயை மூடிக்கொண்டு தாளம் போட, நீங்கள் மிருதங்கம் வாசிப்பது. (சபை எழுந்து காபிக்குப் போவது வேறு கதை.) இங்கே 'தனி ஆல்பம்' என்றால் அட்டையில் பாடகர் பெயர். பாட்டு வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் பாஸ் கிட்டார்க்காரர் பாப் டெய்ஸ்லி. டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். பங்குப் பணத்துக்காக இருவரும் வழக்குப் போட்டார்கள். 2002 மறுபதிப்பில் இவர்கள் வாசித்ததையே அழித்துவிட்டு, வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். குரல் அதே, கிட்டார் அதே, அடியில் மட்டும் வேறு கை. பெரியவர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டாராம். கேட்டவர்கள் விடாமல் முணுமுணுத்து, 2011 பதிப்பில்தான் பழைய வாசிப்பு திரும்பியது.

கெர்ஸ்லேக் புற்றுநோயோடு இருந்தபோது, அந்த ஆல்பம் அதிகம் விற்றதற்கான பிளாட்டினத் தட்டு தன் சுவரில் இருக்க வேண்டும் என்று ஆஸிக்கு எழுதிக் கேட்டார். ஆஸி அனுப்பிவைத்தார். 2020இல் கெர்ஸ்லேக் காலமானார். கேட்டு வாங்க வேண்டியிருந்ததே என்று எனக்குக் கோபம். பெரியவருக்கு, கேட்டதும் கொடுத்தாரே என்று சந்தோஷம். இருவரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டோம்.

அப்போது உங்கள் கேசட்டைப் பற்றிச் சொன்னேன். அட்டையில் 'மற்றும் பக்கவாத்தியக் குழுவினர்' என்று போட்டிருந்ததே, அது. நீங்கள் அன்று ஒன்றும் சொல்லாமல் மிருதங்கத்துக்கு ரவை போட உட்கார்ந்ததையும் சொன்னேன். அவருக்கு அதைக் கேட்க வேண்டுமாம். வீட்டில் கேசட் ஓடும் பெட்டி வைத்திருக்கிறார்.

மாதக் கடைசியில் பணம் அனுப்புகிறேன். முதலில் கொல்லைப்பக்க ஓடுகளை மாற்றுங்கள். கேசட் பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் இருக்கும். நாடா பூஞ்சை பிடித்திருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்