மிஞ்சியவர்களைப் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. அவளுக்குப் பரீட்சைக் கவலை, எனக்கு ஃபீஸ் கவலை. அம்மா வழக்கம்போல் உன்னைத்தான் முதலில் விசாரிக்கிறாள், பெற்ற பிள்ளை பிறகுதான்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியதும் திருப்பூர் பதறியதைப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உங்கள் யூனிட்டில் ஆள் குறைக்கப் பட்டியல் கேட்கிறார்கள், அதை எழுத வேண்டியவன் நீதான் என்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. 'போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துவிடலாம், இருப்பவர்களை வைத்து எப்படி வேலை வாங்குவது? நீ பார்த்தவனாயிற்றே' என்று கேட்டிருக்கிறாய். பார்த்தவன்தான். சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாமல் எந்தத் தலையும் உருளாது.

எங்கள் தொழிற்சாலையில் முதலில் போனவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. 'அவர்கள் காண்ட்ராக்ட்தானே' என்று டீ குடித்துக்கொண்டே பேசினோம். அடுத்து பயிற்சியில் இருந்த பையன்கள். அப்போதும் சமாதானத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. மூன்றாவதாக நிரந்தரத் தொழிலாளர்கள். அதையும் ஒரே வீச்சில் முடித்திருந்தால் அழுது தீர்த்திருப்போம். அப்படிச் செய்யவில்லை. ஒரு வாரம் இரண்டு பேர், பிறகு ஒரு மாதம் ஒன்றுமில்லை, திடீரென்று நான்கு பேர். மனிதவளப் பிரிவுப் பையன் கையில் துண்டுச் சீட்டோடு ஷெட்டுக்குள் வருவான். யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் அவன் எந்த மெஷின் பக்கம் திரும்புகிறான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். பாவம், அவனே ஒரு நாள் கேன்டீன் சாம்பார் பற்றிப் புகார் விசாரிக்க வந்து, ஒரு ஆளுக்கு வியர்த்துக் கொட்ட வைத்துவிட்டுப் போனான்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அழுகை, கோபம் எல்லாம் சில நாளில் அடங்கிவிடும். அதன்பிறகு வருகிற மௌனம்தான் உற்பத்தியைத் தின்னும். எங்களிடம் ஒரு செட்டர் இருக்கிறார், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவர். சி.என்.சி. லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷினில், புது ஜாப் ஏற்றினால் ஆஃப்செட் (வெட்டும் கருவிக்கான அளவுத் திருத்தம்) வைப்பதில் அவருக்கு நிகர் இல்லை. முன்பெல்லாம் பையன்களைப் பக்கத்தில் நிறுத்தி, திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுப்பார். ஆட்குறைப்பு தொடங்கிய பிறகு அளவுகளையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் சின்ன டைரியில் குறித்துக்கொள்கிறார். யாராவது அருகில் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில் ரகசியம் தன் டைரியில் இருக்கும்வரை தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று நம்புகிறார். அந்தக் கணக்கும் தப்பில்லை.

மெஷினில் சத்தம் மாறினால் சொல்ல ஆள் இல்லை. சொன்னவன் தலையில்தான் பழி விழும் என்ற பயம். பீஸ் ரிஜெக்ட் ஆகி வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. காய்ச்சலோடு வருகிறார்கள். லீவு எடுத்தால் 'இவன் இல்லாமலும் ஓடுகிறதே' என்று யாராவது நினைத்துவிடுவார்களாம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வருகைப்பதிவு பிரமாதமாகத் தெரியும். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் இழுக்கிறார்கள். அதற்குள் நல்ல கைவேலைக்காரர்கள் ஒரகடம், ஓசூர் என்று தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். வெளியே வேலை கிடைக்காதவனும் கிடைத்தாலும் போக முடியாத நிலையில் இருப்பவனும்தான் மிச்சம்.

வீட்டு நிலைமையும் கூடவே ஷெட்டுக்குள் வருகிறது. போனஸ் சட்டப்படியான குறைந்தபட்சம் 8.33 சதவீதத்தோடு நின்றுவிட்டது. நகைக்கடன், மகளிர் குழுக் கடன், பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் தேதி தவறாமல் வந்து நிற்கின்றன. பாகூரிலிருந்து வரும் ஒருவர் மகளுக்கு நிச்சயம் செய்ய இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் 'கம்பெனி எப்படிப் போகிறதாம்?' என்று கேட்டுவிட்டு, ஆடி கழியட்டும் என்றார்கள். ஆவணியும் போய்விட்டது. அவரை எந்தப் பட்டியலும் தொடவில்லை, சம்பளமும் முழுதாக வாங்குகிறார்.

இந்த லட்சணத்தில் மனச்சோர்வைப் போக்க நிர்வாகம் யோகா வகுப்பு வைத்தது, கோலப் போட்டி வைத்தது. மேலாளர் மைக்கைப் பிடித்து 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, 'குடும்பத்தில் பிள்ளையை நோட்டீஸ் கொடுத்தா நிறுத்துவார்கள்?' என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் எல்லோரும் மனசாரச் சிரித்தோம்.

என் பஸ் தினமும் புதுச்சேரி முதலியார்பேட்டை வழியாகத்தான் போகிறது. ஏ.எஃப்.டி. துணி மில்லைக் (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) கடக்கும்போதெல்லாம் இதே யோசனைதான். 1898-ல் தொடங்கிய மில். 1936 ஜூலை 30 அன்று, போராடிய புதுச்சேரி மில் தொழிலாளர்கள் 12 பேரை பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த ஊரின் மில்லைத்தான் 2011 டிசம்பரில் தானே புயல் சேதப்படுத்தியது. பிறகு ஆண்டுக்கணக்கில் வேலையில்லாமல் பாதிச் சம்பளம், 2020 ஏப்ரல் 30-ல் ஒரேயடியாக மூடல். மூடிய நாளைவிட அதற்கு முந்தைய ஆண்டுகள்தான் கொடுமை என்று எனக்குப் படுகிறது. மில் திறக்குமா திறக்காதா என்று தெரியாதவன் வேறு வேலையும் தேட மாட்டான், இருப்பதை விடவும் மாட்டான். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்றொரு மில் ஊர். மில் மூடிய பிறகு 1930-களின் தொடக்கத்தில் அங்கே போய் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: ஜனங்களுக்கு நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்துவிட்டது, நடையே தளர்ந்துவிட்டது. அங்கே மூடிய பிறகு நடந்தது, எங்கள் ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

ஆகவே, முருகேசா, நீ பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே பட்டியலாக எழுது. இரண்டாவது கிடையாது என்று முதலாளியிடம் வாக்கு வாங்கிக்கொண்டு எழுது. அவர் தர மறுத்தால், அதையும் ஆட்களிடம் மறைக்காதே. 'ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த வார்த்தைக்குப் பிறகு நீ உண்மையே சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். ஆர்டர் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று ஆட்களைக் கூப்பிட்டு உன் வாயால் சொல். செக்கிங் பெண்களுக்கு ஆர்டர் கணக்கு புரியாது என்று உங்கள் ஆபீஸில் நினைத்தால் அது சுத்த மடத்தனம். பெட்டி எத்தனை ஏறுகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

போகிறவர்களை வாட்ச்மேனை விட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு போகாதீர்கள். இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாளைக்குத் தனக்கும் இதுதான் என்று. ஓராண்டு தாண்டியவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டென்றால் அதுவும். அன்றைக்கே காசோலை கையில் இருக்கட்டும். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போவதுதான் சட்டத்தின் பொதுவழக்கம், மேஸ்திரிக்குப் பிடிக்காதவர் முதலில் போவதல்ல. ஆர்டர் திரும்பினால் அவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அதை நீ எல்லோர் முன்னிலும் சொன்னால், போகிறவரைவிட இருப்பவர்கள்தான் கூர்ந்து கேட்பார்கள். வேலை இழந்தவருக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் 2018-லிருந்து ஒரு உதவித் திட்டம் உண்டு, சராசரிச் சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாள். கிளை அலுவலகத்தில் இப்போதைய விதிகளை விசாரித்து, படிவங்களை முன்கூட்டியே வாங்கி வை.

இத்தனையும் செய்தாலும் உன்னைத் திட்டத்தான் செய்வார்கள். திட்டட்டும். என்னிடம் வந்து கையெழுத்துப் போட்டவர்களில் வாய்விட்டுத் திட்டியவர்கள் இன்றும் வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார்கள்.

போன முறை நான் வந்திருந்தபோது மதிய இடைவேளையில் என் சட்டைக் காலரைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தாரே அந்த வயதான சிங்கர் மெஷின் டெய்லர், அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பதில் கடிதத்தில் எழுது. இருந்தால், இங்கே தெரிந்த ஒரு தையல் கடையில் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்