சுவரை உயர்த்தினாய், வாசல் எங்கே மச்சான்?

காசிமேடு
மே 14

அன்புள்ள மச்சான்,

இரண்டு மாசமாய் உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தப்புதான். தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் நலம்தானே? இங்கே அனைவரும் சௌக்கியம். அம்மா உன் கருவாட்டுப் பொட்டலத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சித்தப்பா அந்த ரேடியோவை இன்னும் தரவில்லை, நீயும் மறந்துவிடு.

நேற்று வந்த உன் படகின் படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. பெயின்ட் பிரமாதம், நீலம் உனக்கு ராசிதான். ஆனால் தளத்தைச் சுற்றி நிற்கும் ஓரச்சுவரை ஒரு அடி உயர்த்தியிருக்கிறாயே, தண்ணீர் வெளியேற என்ன வழி வைத்திருக்கிறாய்? படத்தில் தெரிவது பக்கத்துக்கு மூன்று குழாய், ஒவ்வொன்றும் இரண்டு இன்ச். அவ்வளவுதானா? ஆள் தவறி விழக்கூடாது என்று நீ நினைத்தது சரி. ஆனால் சுவரை உயர்த்தி வாசல் வைக்காவிட்டால் அது படகில்லை, தொட்டி.

கணக்கைப் பார். உன் வேலைத்தளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள். ஒரு அலை ஏறி 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 9.6 கன மீட்டர். உப்புத் தண்ணீர் என்பதால் கிட்டத்தட்ட 9.8 டன். ஆறு குழாயும் அடைப்பில்லாமல் ஓடினால்கூட வினாடிக்குச் சுமார் 17 லிட்டர்தான் வெளியேறும். தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறையும், அதனால் முழுக்க வடிய 18 நிமிஷம் ஆகும். அதற்குள் அடுத்த அலை வந்துவிடும். பம்ப் இருக்கிறதே என்று சொல்லாதே. மணிக்கு 2000 கேலன் என்று எழுதியிருக்கும் பம்ப் வினாடிக்கு இரண்டு லிட்டர்தான் இறைக்கும், ஒன்றேகால் மணி நேரம் வேண்டும்.

எடைகூடப் பரவாயில்லை மச்சான், பயம் வேறு. தளத்தில் தளும்பும் தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். தண்ணீர் பரவியிருக்கும் அகலம் இரண்டு மடங்கானால் இந்தக் கேடு எட்டு மடங்காகும். ஐஸ் ரூம் நிறைந்து சுமையோடு திரும்பும்போது நிமிர்ந்து வரப் படகுக்குத் தெம்பு இருக்காது.

ஐ.நா.வின் உணவு, தொழிலாளர், கப்பல் அமைப்புகளான எஃப்.ஏ.ஓ., ஐ.எல்.ஓ., ஐ.எம்.ஓ. மூன்றும் சேர்ந்து 2005-ல் சின்ன மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டன. ஓரச்சுவரின் நீளத்தில் மீட்டர் ஒன்றுக்கு இத்தனை திறப்பு என்று அதில் கணக்கு உண்டு: 12 மீட்டர் படகுக்கு 0.035 சதுர மீட்டர், 24 மீட்டருக்கு 0.07, இடைப்பட்டவற்றுக்கு இடையில். உன் 15 மீட்டர் படகுக்கு ஏறக்குறைய 0.044 வரும். எட்டு மீட்டர் சுவருக்கு பக்கத்துக்கு 0.35 சதுர மீட்டர். அதாவது 60 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு திறப்பு. உன் ஆறு குழாயும் சேர்த்தால் சுமார் 0.012 சதுர மீட்டர்தான். இரண்டு பக்கமும் இப்படித் திறந்தால் அதே தண்ணீரில் பெரும்பகுதி அரை நிமிஷத்தில் போய்விடும்.

எங்கே வெட்டுவது என்பதில் அவசரப்படாதே. படகு மேட்டில் நிற்கும்போது தெரிவது உண்மையான சாய்வு இல்லை. தண்ணீரில் இறக்கி, டீசலும் ஐஸும் முழுக்க ஏற்றியபின் தளத்தில் நாலைந்து வாளி தண்ணீர் ஊற்று. தேங்கும் இடத்தின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போடு. பெரும்பாலும் பின்பக்க மூலையில், வலை இழுக்கும் வின்ச்சின் காலடியில் ஒரு குட்டை நிற்கும். மொத்தத் திறப்பில் மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தாழ்வான பாதியில் வரட்டும். திறப்பின் கீழ்விளிம்பு தளத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும், இரண்டு இன்ச் மேலே வைத்தால் அந்த இரண்டு இன்ச் தண்ணீர் அங்கேயே நிற்கும். விலா எலும்பு போல நிற்கும் கட்டைகளை மட்டும் வெட்டிவிடாதே, அவற்றின் நடுவில் வெட்டு. நான்கு மூலையும் வளைவாக இருக்கட்டும், சதுர மூலையில்தான் விரிசல் தொடங்கும். பைபருக்கு உள்ளே பிளைவுட் இருந்தால் விளிம்பில் அதை 15 மில்லிமீட்டர் தோண்டி எடுத்து, எபாக்ஸி பட்டியால் நிரப்பி, மேலே 450 கிராம் கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு போடு. இதைத் தவிர்த்தால் ஈரம் உள்ளே போய் இரண்டு மழைக்காலத்தில் பலகை மெத்துமெத்தென்று ஆகிவிடும்.

ரப்பர் மடல் போடுவதானால் கன்வேயர் பெல்ட் துண்டு போதும். வெளிப்பக்கம் மேல்விளிம்பில் மட்டும் மாட்டு. ஆணியும் கம்பியும் 316 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆகட்டும், மண்ணடியில் நான் வாங்கி வைக்கிறேன். தாழ்ப்பாள் மட்டும் வேண்டவே வேண்டாம். கால் நனைகிறது, மீன் வழுக்கிப் போகிறது என்று பையன்கள் கயிறு போட்டுக் கட்டிவிடுவார்கள், அன்றோடு உன் திறப்பு செத்தது. மீன் போகாமல் இருக்க உள்ளே ஒரு சாண் தள்ளி, கழற்றக்கூடிய தடுப்புப் பலகை வை, அடியில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. வலைத்துண்டு சிக்கினால் ஒரு கையால் எடுக்க முடிய வேண்டும்.

இருக்கிற குழாய்களை அடைக்காதே, கழுவும் தண்ணீருக்கு அவை வேண்டும். மூன்று இன்ச் ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆனால் தளத்துத் தண்ணீரை ஒருபோதும் எஞ்சின் அறைப்பக்கம் திருப்பாதே, நேரே வெளியே விடு. குழாயின் வெளிவாய் முழுச்சுமையிலும் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் கடலே அதன் வழியாய் உள்ளே வரும். குழாயின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப் போடு. பி.வி.சி. குழாய் வெயிலிலும் அதிர்விலும் வெடிக்கும், தடித்த ரப்பர் ஹோஸ்தான் நல்லது.

ஏப்ரல் 15-ல் தொடங்கிய மீன்பிடித் தடை ஜூன் 14 வரை உண்டு, உன் கையில் ஒரு மாசம் இருக்கிறது. பெயின்ட் கெடுமே என்று யோசிக்காதே, நீலம் இன்னொரு டப்பா வாங்கித் தருகிறேன். சுவரின் உயரம், கட்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, சுவரின் கனம் மூன்றையும் அளந்து உடனே அனுப்பு. எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டு அனுப்புகிறேன். அதுவரை கிரைண்டரைக் கையில் எடுக்காதே.

உன்
மச்சான்