கோடி ரூபாய் ஊசி மட்டுமல்ல மரபணு மருத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வெளிவந்த மரபணு மருத்துவக் கட்டுரை, முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசியையும், அதற்காகப் பெற்றோர் ஊர் ஊராக நிதி திரட்டுவதையும் விரிவாக எடுத்துரைத்தது. சொன்னதில் பிழையில்லை, ஆனால் படித்து முடிப்பவர் மனத்தில், மரபணுவைச் சோதிப்பதே வசதி படைத்தவர்களின் காரியம் என்ற எண்ணம்தான் மிஞ்சும். குழந்தைகள் நலப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பிறந்து ஆறு மாதம் நிரம்பும் முன்பே ஒரு குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்தால், அது பெரும்பாலும் நாம் அறிந்த முதல் வகைச் சர்க்கரை நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது) அன்று. ஏதோ ஒரு தனி மரபணுவில் நேர்ந்த பிழையே காரணமாக இருக்கும். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லில் பொட்டாசியம் வெளியேறும் வழி ஒன்று உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அது மூடிக்கொண்டால்தான் இன்சுலின் சுரக்கும். கே.சி.என்.ஜே.11 அல்லது ஏ.பி.சி.சி.8 என்னும் மரபணுவில் பிழை நேர்ந்தால், இந்த வழி தாழ்ப்பாள் கெட்ட கதவுபோலத் திறந்தே கிடக்கிறது. செல்லுக்குள் இன்சுலின் இருந்தும் வெளியே வருவதில்லை. அந்த வழியை மூடும் மருந்தோ நம் ஊர் மருந்துக் கடைகளில் பல பத்தாண்டுகளாக மலிவாகக் கிடைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரைதான். முதல் மரபணுவின் பங்கை இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஆய்வுக் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். 2006இல் வந்த ஆய்வில், அப்பிழையுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை அறவே நிறுத்திவிட்டு இவ்வகை மாத்திரைக்கு மாறினார்கள். கைக்குழந்தைக்கு நாள்தோறும் பலமுறை ஊசி போட்டு, நள்ளிரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று விழித்திருக்கும் ஒரு தாய்க்கு இந்த மாற்றம் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இதே பிழை சில குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் பாதிப்பதால், மாத்திரையைக் காலம் தாழ்த்தாமல் தொடங்குவது நல்லது.

எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்தாது. நெருங்கிய உறவுக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்களில் கூடுதலாகக் காணப்படும் வால்காட்-ராலிசன் என்னும் நோயிலும் இதே வயதில் சர்க்கரை ஏறும். ஆனால் அங்கே இன்சுலின்தான் கதி, கல்லீரலையும் கண்காணித்தாக வேண்டும், அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொட்டாசியம் வழிப் பிழையோ பல நேரங்களில் அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. அப்போது ‘அக்காள் மகளைக் கட்டியதால் வந்த வினை’ என்று வீட்டார் ஒருவரையொருவர் குறை சொல்வதற்கே இடமில்லை. குழந்தையைப் பார்த்து மட்டும் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். இரத்த மாதிரிதான் சொல்லும். முடிவு வரும்வரை இன்சுலினை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அது உயிரைப் பறிக்கும்.

சென்னையில் நீரிழிவு மரபணு ஆய்வும், வேலூரில் மருத்துவ மரபியல் துறையும் இருக்கின்றன. மாவட்ட மருத்துவமனையில் இந்த வயதில் நோய் கண்டறியப்படும் ஒவ்வொரு குழந்தையின் இரத்த மாதிரியும் அரசுச் செலவில் இத்தகைய மையங்களுக்குச் செல்ல ஏற்பாடு வேண்டும்; அரசு மருத்துவக் கல்லூரிகளில் முடிவைப் பெற்றோருக்குப் பொறுமையாக விளக்கும் மரபணு ஆலோசகர் பணியிடமும் வேண்டும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த மருந்துகளையே சுற்றி வருகின்றன; மலிவான மாத்திரைக்கு வழிகாட்டும் இத்தகைய சோதனையையும் அவற்றில் பேச வேண்டும்.

கைக்குழந்தைப் பருவத்தில் முதல் வகை என்று முத்திரை குத்தப்பட்டு, இன்று இளைஞராகியும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களும் நோய் தொடங்கிய வயதைக் காட்டும் பழைய மருத்துவக் குறிப்புடன் தம் மருத்துவரிடம் இச்சோதனை பற்றிக் கேட்கலாம். மேற்சொன்ன ஆய்வில் மாத்திரைக்கு மாறியவர்களில் வயது வந்தோரும் இருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற குழந்தைகள் நல மருத்துவர்,
தஞ்சாவூர்.