கண்மாய்க்கரைப் பனைகளை வெட்டுவதை நிறுத்தக் கோரி மூன்றாம் முறையாக மனு

அனுப்புநர்: கண்மாய்ப் பாசன விவசாயிகள், செட்டிநாடு.
பெறுநர்: உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஐப்பசியில் ஒரு மனு, கார்த்திகையில் ஒரு மனு கொடுத்தோம். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, பதில் இல்லை. எங்கள் கண்மாய் தாங்கள் அறியாததல்ல. போன வருடம் மடையைப் பார்க்க வந்தபோது கரைப் பனை நிழலில்தான் தங்களுக்கு நாற்காலி போட்டோம். அந்த மரம் இப்போது இல்லை.

1. கரைப் பாதையை அகலப்படுத்துவதாகச் சொல்லி ஜேசிபி வைத்து 26 பனைகளைச் சாய்த்துவிட்டார்கள். வரப்போரத்து இலந்தை, ஆவாரைப் புதர்களும் போயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அரசு அறிவித்தது. அனுமதிக் கடிதத்தைக் கேட்டால் ஒப்பந்தக்காரர் சிரிக்கிறார்.

2. எலி. ஐயா, இதைத்தான் தாங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். மொட்டைப் பனைப் பொந்துகளில் கூகை ஆந்தைகள் குடியிருந்தன. சாக்குருவி என்று அவற்றைக் கல்லெறிந்து விரட்டியவர்கள்தான் நாங்களும், மறைக்கவில்லை. ஆனால் பனையடியில் அவை கக்கிப்போட்ட உருண்டையை உடைத்துப் பார்த்திருக்கிறோம். சாம்பல் மயிருக்குள் எலி மண்டையோடு, மஞ்சள் முன்பல்லோடு அப்படியே இருக்கும். இரவெல்லாம் எங்களுக்குக் காவல் பார்த்தது அந்தக் கூகைதான். இப்போது மார்கழி, சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். காலையில் வயலில் இறங்கினால் சாய்வாக நறுக்கிய தூர்கள் தண்ணீரில் மிதக்கின்றன. ஒரு வளையைத் தோண்டினோம். அள்ள அள்ளக் கதிர். வானம் பார்த்த பூமி ஐயா, வருடத்துக்கு ஒரு போகம்தான். அதையும் எலிக்குக் கொடுத்துவிட்டு எதைச் சாப்பிடுவது? வயலில் பறவைத் தாங்கி நடுங்கள், ஆந்தை வந்து உட்காரும் என்று வேளாண் துறை சொல்கிறது. சரி, நட்டோம். அது குடியிருந்த மரத்தை வெட்டிவிட்டு உட்காரக் குச்சி நட்டால் எங்கிருந்து வரும்?

3. வேறு வழியில்லாமல் சிலர் எலி மருந்து வைத்தார்கள். அதைத் தின்று இரண்டு மயில்கள் வரப்பில் செத்துக் கிடந்தன. நாங்கள் செய்தது தப்புதான். ஆனால் அந்த நிலைக்குத் தள்ளியது யார்?

4. மழை முடிந்த இந்த இரண்டு மூன்று மாதம் வயலை நம்பி எத்தனையோ உயிர்கள் இருக்கின்றன. நத்தைகுத்தி நாரை நெல்வயலில்தான் நத்தை பொறுக்கும். வடக்கேயிருந்து வரும் பூனைப்பருந்து பயிருக்கு மேலே தாழப் பறந்து இரை தேடும். 1977இல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியின் ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அதே சீமையில் பறவை இருக்கிற காலமாகப் பார்த்து ஜேசிபி விடுகிறார்கள்.

5. பாதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தை அறுப்பு முடியட்டும், பனையை விட்டுவிட்டுப் பாதையைப் போடுங்கள் என்றுதான் மூன்று மனுவாகக் கெஞ்சுகிறோம்.

இன்னும் 11 பனைகள் நிற்கின்றன. அவற்றில் இரண்டு மொட்டைப் பனை, ஒன்றில் இரவில் கூகைச் சத்தம் கேட்கிறது. ஜேசிபியும் அதே கரையில்தான் நிற்கிறது. தயவுசெய்து அந்த வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு மட்டும் போடுங்கள் ஐயா. இந்த முறை ரசீது வேண்டாம், உத்தரவு போதும்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள்